‘பிளே’ அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லையா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதற்கு முன்பு நான் வானொலியில் லினக்ஸ் என்று சொன்னால், “அது யாருங்க?” என்கிற தோரணையில்தான் நேயர்கள் பதில் அனுப்புவார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் வரும் கேள்வியே வேறு. “லினக்ஸ் போட்டாச்சு. பிரவுசர் ஓடுது, பிள்ளையோட ஹோம்வர்க் ஓடுது, பிரிண்டர்கூட ஓடுது. கேம் மட்டும் ஓட மாட்டேங்குது. என்னா செய்யலாம்?”

கேள்வி ஏன் பெருகியது என்பதில் மர்மம் இல்லை. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்கிறது. 2016, 2017-இல் வாங்கிய மடிக்கணினி, கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தாலும் அதற்கு இடமில்லை. பாதுகாப்பு மேம்பாடுகளை மட்டும் கூடுதலாக ஓராண்டுக்குத் தர ஒரு திட்டம் வந்தது. அது நாளைத் தள்ளிப்போடும் வழி, அவ்வளவுதான். ஆகவே பலர் லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று போய்விட்டார்கள். நல்ல முடிவுதான். விளையாட்டு என்று வரும்போதுதான் வீட்டில் சத்தம் கேட்கிறது.

“கேம் ஓடல” என்பது, கிளினிக்கில் போய் உட்கார்ந்து “வயிறு சரியில்ல டாக்டர்” என்று சொல்வதைப் போன்றது. எங்கே வலி, எப்போதிலிருந்து, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று அவர் திரும்பக் கேட்பார் அல்லவா? நானும் அப்படித்தான் கேட்கிறேன். பிளே பட்டனை அழுத்தியதும் ஒன்றுமே நடக்கவில்லையா? கறுப்புத் திரை வந்து மறைந்துவிடுகிறதா? ஓடுகிறது, ஆனால் நொண்டி நொண்டி ஓடுகிறதா? தனியாக ஆடினால் நன்றாக இருந்து, இணையத்தில் மற்றவர்களோடு சேரும்போது வெளியே தள்ளுகிறதா? நான்கும் நான்கு நோய். ஒரே மாத்திரை கிடையாது.

விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டு லினக்ஸில் எப்படித்தான் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தலைவலி குறையும். நம் நாட்டு நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சாட்சி தமிழில் பேசுவார். மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் நீதிபதிக்குச் சொல்வார். சாட்சிக்கு மலாய் தெரிய வேண்டியதில்லை. நீதிபதிக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. ஒயின் என்ற மென்பொருள் 1993-லிருந்து இந்த வேலையைத்தான் செய்து வருகிறது. (குடிக்கிற ஒயின் இல்லை, அம்மாமார்கள் பதற வேண்டாம்.) விளையாட்டு விண்டோஸ் மொழியில் கேட்பதை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி உடனுக்குடன் சொல்லும்.

ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் ஒயினை எடுத்து, இன்னும் சில மொழிபெயர்ப்பாளர்களைக் கூடச் சேர்த்து, புரோட்டான் என்ற பெயரில் ஸ்டீமுக்குள்ளேயே வைத்தது. அவர்களில் முக்கியமானவர் டிஎக்ஸ்விகே. விண்டோஸ் விளையாட்டுகள் படம் வரையக் கையாளும் டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை, வல்கன் என்ற பொதுமொழிக்கு அது மாற்றும். பிலிப் ரெபோலே என்பவர் ‘நியர்: ஆட்டோமேட்டா’ என்ற ஒரு விளையாட்டைத் தன் லினக்ஸ் கணினியில் ஆட வேண்டும் என்ற ஆசையில் தொடங்கிய வேலை அது. இன்று 2022-இல் வெளிவந்த ஸ்டீம் டெக் கருவிக்கே அதுதான் முதுகெலும்பு. ஆசை நல்லதுதான் போலும்.

ஆக, கேம் ஓடவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்வி இது: பேச்சு எந்த இடத்தில் நின்றது? சாட்சியிடமா, மொழிபெயர்ப்பாளரிடமா, அல்லது வாசலில் நிற்கும் காவலர் உள்ளேயே விடவில்லையா?

காவலரிடமிருந்து தொடங்குவோம். ஏனென்றால் அவர் மறுத்துவிட்டால் மற்ற எல்லா முயற்சியும் வீண். இணையத்தில் பலரோடு போட்டி போடும் விளையாட்டுகளில், யாரும் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளத் தனி மென்பொருள் உண்டு. ‘ஆன்டி-சீட்’ என்பார்கள். வலோரன்ட் விளையாட்டின் வேன்கார்ட் விண்டோஸின் அடிமடி வரை இறங்கி உட்கார்ந்துகொள்ளும் வகை. லினக்ஸில் அதற்கு உட்கார இடமே இல்லை. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் பல ஆண்டுகள் ஒயின் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. 2024 மே மாதவாக்கில் அதற்கும் வேன்கார்ட் வந்தது, கதவு மூடியது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ்காரர்களை மொத்தமாக விலக்கியது. ஃபோர்ட்நைட்டும் வராது. இங்கே டிரைவரை மாற்றினாலும் புரோட்டானை மாற்றினாலும் பயனில்லை. இது கோளாறு அல்ல, விளையாட்டை நடத்துபவர்கள் எடுத்த முடிவு. குறுக்கு வழி தேடிப் போனால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். ஐந்து வருடம் சேர்த்ததெல்லாம் போய்விடும்.

எல்லாக் காவலரும் அப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021-லிருந்து புரோட்டானோடு ஒத்துப்போகத் தயார். ஆனால் அந்தந்த விளையாட்டின் உரிமையாளர் சம்மதித்துத் திறந்துவிட வேண்டும். சிலர் திறந்தார்கள், சிலர் திறக்கவில்லை. டோட்டா 2, கவுன்டர்-ஸ்டிரைக் 2 இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே உண்டு, மொழிபெயர்ப்பாளரே தேவையில்லை.

இதை முதலில் எழுதக் காரணம் என் அக்காள் மகன். பதினைந்து வயது, சுங்கை பட்டாணியில் படிக்கிறான். அவன் மடிக்கணினி ஏழாம் தலைமுறை இன்டெல், கூடவே ஒரு சிறிய என்விடியா. புதியது வாங்க இரண்டாயிரம் வெள்ளியாவது வேண்டும். அந்த மாதம் அத்தான் வேன் ரிப்பேருக்கே கடன் வாங்கியிருந்தார். “விண்டோஸ அழிச்சிட்டு நீ சொல்ற அதையே போட்டுக் குடுத்துடு” என்று என்னிடம் சொன்னார். நான் பையனிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஆடுகிற விளையாட்டு எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். ஏழு எழுதினான். ஆறு ஓடும். ஏழாவது, வெள்ளிக்கிழமை இரவு ஐந்து பேர் அணியாக ஆடுவது, ஓடவே ஓடாது. அந்த ஐவரில் ஒருவன் ஆரம்பப் பள்ளியிலிருந்து கூடப் படித்தவன், போன வருடம் ஜொகூருக்கு மாறிப் போய்விட்டான். “அவன்கிட்ட நான் பேசறதே அந்த கேம்லதான் சின்னம்மா.”

அதற்கு மேல் கணினி ஞானம் பேசி என்ன பயன்? வன்தட்டை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பக்கம் விண்டோஸ், அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும். பள்ளிக் கணக்கோ, அம்மாவின் வங்கிக் கணக்கோ அதில் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். மறுபக்கம் மின்ட், மற்ற எல்லாவற்றுக்கும். எனவே உங்கள் வீட்டிலும் யாராவது “அழிச்சிடு” என்று சொன்னால், முதலில் பிள்ளையிடம் தாளைக் கொடுங்கள். எழுதிய பெயர்களைப் புரோட்டான்டிபி என்ற இணையத்தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பிளாட்டினம், கோல்டு என்றால் பிரச்சினை குறைவு. ‘போர்க்ட்’ என்று சிவப்பாக இருந்தால் ஓடாது.

அந்த ஆறும் உடனே ஓடினவா என்றால், இல்லை. அங்கிருந்துதான் உண்மையான வேலை.

முதல் நாள், பிளே அழுத்துவான். பட்டன் ‘ஸ்டாப்’ என்று மாறும். இரண்டு நொடியில் மறுபடி ‘பிளே’ ஆகிவிடும். எந்தச் செய்தியும் வராது. இது மிகப் பரவலான நோய், காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். விளையாட்டுகளை மறுபடி பதிவிறக்கச் சோம்பல்பட்டு, விண்டோஸ் காலத்து டி டிரைவையே ஸ்டீமுக்குக் காட்டியிருப்பார்கள். அந்த டிரைவ் என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமைத்தது. புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு பொய் சி டிரைவைக் கட்டும். அதில் முக்காற்புள்ளி உள்ள பெயர்களை வைக்கும். விண்டோஸின் வட்டு முறைக்கு அப்படிப்பட்ட பெயர் ஆகாது. தவிர, விண்டோஸை ‘ஷட்டவுன்’ செய்தாலும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி அதை அரைத் தூக்கத்திலேயே வைத்திருக்கும். லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்கலாம், எழுத முடியாது. விளையாட்டுகளை லினக்ஸின் சொந்த எக்ஸ்ட்4 பகுதிக்கு மாற்றியதும் அவனுக்கு நான்கு விளையாட்டு ஒரே மாலையில் எழுந்து உட்கார்ந்தன. டி டிரைவிலேயே எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று வழி சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்றைக்கு ஓடும், அடுத்த வாரம் கோப்பு கெடும்.

ஐந்தாவது ஓடியது, ஆனால் சிலைடு ஷோ மாதிரி. இரட்டை கிராபிக்ஸ் உள்ள மடிக்கணினிகளில் இது சகஜம். என்விடியா ஒரு பக்கம் சும்மா உறங்க, இன்டெல் தனியாகச் சுமை தூக்கிக்கொண்டிருக்கும். மின்டில் ‘டிரைவர் மேனேஜர்’, உபுண்டுவில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ என்ற இடத்தில் என்விடியாவின் சொந்த டிரைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு என்விடியா அமைப்புகளில் ‘பிரைம் புரொஃபைல்ஸ்’ பகுதிக்குப் போய் ‘பெர்ஃபார்மன்ஸ்’ முறைக்கு மாற்ற வேண்டும். இவ்வளவும் செய்தும் சிலருக்கு வேலை நடக்காது. கணினியில் ‘செக்யூர் பூட்’ இயங்கிக்கொண்டிருந்தால், டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் நீல நிறத்தில் ஒரு திரை வந்து அதையே கேட்கும். ‘என்ரோல் எம்ஓகே’ என்பதைத் தேர்ந்து கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். ஆனால் நீலத் திரை என்றாலே விண்டோஸ் மரணச் செய்தி என்று நமக்குப் பழக்கம். பயந்துபோய் ‘கன்டினியூ’ தட்டிவிடுவோம். டிரைவர் பதிந்திருக்கும், இயங்காது. மாமாவுக்கு அழைப்பிதழ் போனது, அவரைக் கூட்டி வர யாரும் போகவில்லை என்ற கதை.

இன்னும் பழைய கணினி என்றால் வேறு சங்கதி. 2012, 2013 காலத்து என்விடியா 600, 700 வரிசைக் கார்டுகளில் பெரும்பாலானவைக்குக் கடைசியாகக் கிடைக்கும் டிரைவர் 470 வரிசை. அது வல்கன் 1.2 வரைதான் பேசும். புரோட்டான் 8-லிருந்து வல்கன் 1.3 தேவை. ஆகவே புதிய புரோட்டானைப் போடப் போட ஓடவே ஓடாது, ‘புரோட்டான் 7.0’ என்று பின்னோக்கிப் போனால் பல விளையாட்டுகள் ஓடும். புதியதுதான் நல்லது என்ற எண்ணம் இங்கே உதவாது. இன்டெல் நான்காம் தலைமுறையின் உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்கு வல்கன் ஆதரவே முழுமையில்லை. விண்டோஸ் 11 வாசலில் திருப்பி அனுப்பிய ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல்கள் இந்த விஷயத்தில் தேறிவிடும்.

புரோட்டானை மாற்றுவது எப்படி? ஸ்டீமில் விளையாட்டின் பெயர்மேல் வலது கிளிக், ‘புரோபர்டீஸ்’, பிறகு ‘கம்பாட்டிபிலிட்டி’. ‘ஃபோர்ஸ்’ என்று தொடங்கும் கட்டத்தில் குறியிட்டால் பட்டியல் விரியும். புத்தம்புது விளையாட்டுக்கு ‘எக்ஸ்பெரிமென்டல்’ முதலில் பாருங்கள். லினக்ஸ் பதிப்பே இருந்தும் தகராறு செய்கிறதா? சில நிறுவனங்கள் அந்தப் பதிப்பை எப்போதோ எழுதி, கைகழுவி விட்டிருப்பார்கள். இதே இடத்தில் புரோட்டானைத் திணித்தால் விண்டோஸ் பதிப்பு இறங்கும்; அது இன்னும் நன்றாக ஓடுவதும் உண்டு.

ஊடகப் படிப்பில் தொடக்கத்திலேயே காட்டும் வண்ணப் பட்டைகள் நினைவிருக்கிறதா? தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கும் முன் வருமே, அது. சில விளையாட்டுகளில் கதைக் காட்சி வர வேண்டிய இடத்தில் அதே பட்டைகள் வந்து நிற்கும். கார்டு போய்விட்டது என்று பயப்படாதீர்கள். அந்த வீடியோவின் வடிவத்துக்குக் காப்புரிமைச் சிக்கல் இருப்பதால் புரோட்டானால் நேரடியாக அதை விரிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆர்வலர்கள் தனியாகத் தயாரிக்கும் ஜிஇ-புரோட்டான் இத்தகைய வீடியோக்களுக்குப் பெரும்பாலும் கைகொடுக்கிறது. ‘புரோட்டான்அப்-கியூடி’ என்ற சின்ன மென்பொருள் வழியாக அதை எளிதாகச் சேர்க்கலாம்.

எழுத்து வர வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வருகிறதா? நம் தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒருவர் ஓர் எழுத்துருவில் தமிழில் அடித்து அனுப்ப, அது நம்மிடம் இல்லாமல், கட்டங்களையும் கிறுக்கல்களையும் வெறித்துப் பார்த்த காலம் ஒன்று இருந்ததே. அதே நோய்தான். விளையாட்டு, விண்டோஸோடு வரும் எழுத்துருக்களை எதிர்பார்க்கிறது. ‘புரோட்டான்டிரிக்ஸ்’ என்ற கருவியால் அவற்றை அந்த விளையாட்டின் சி டிரைவுக்குள் வைக்கலாம். பழைய விளையாட்டுகள் கேட்கும் பழைய டைரக்ட்எக்ஸ் துணைக் கோப்புகளும் அதே கடையில் கிடைக்கும்.

முதல் அரைமணி நேரம் திக்கித் திக்கி ஓடிப் பிறகு சரியாகிறது என்றால் அது நோயே இல்லை. கார்டுக்கான ஷேடர்களை மொழிபெயர்த்துச் சேமிக்க நேரம் எடுக்கிறது. விளையாட்டைத் திறக்கும் முன் ‘வல்கன் ஷேடர்ஸ்’ என்று ஒரு பட்டை ஓடும்போது, அவசரப்பட்டு ‘ஸ்கிப்’ அழுத்தாதீர்கள். போய் ஒரு தே தாரிக் கலந்து கொண்டு வாருங்கள்.

இப்போது ஓர் எச்சரிக்கை, இதை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டாலும் போதும். “அந்த கேமோட பிரிஃபிக்ஸ் ஃபோல்டரை டிலீட் பண்ணு, சரியாயிடும்” என்ற ஆலோசனை எங்கும் கிடைக்கும். உண்மையிலேயே பல கோளாறுகள் அதில் தீரும். ஆனால் அந்தக் கோப்புறைதான் நான் சொன்ன பொய் சி டிரைவ். ஸ்டீமின் மேகச் சேமிப்பு இல்லாத விளையாட்டென்றால், எத்தனையோ மாதம் ஆடிச் சேர்த்த சேமிப்பும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். அழிக்கும் முன் நகல் எடுங்கள். அல்லது பெயரை மட்டும் மாற்றி ஓரமாக வையுங்கள், புரோட்டான் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, புரோட்டான்டிபியில் பிறர் எழுதியிருக்கும் குறிப்புகளைப் படிக்கும்போது தேதியைப் பாருங்கள். 2020-இல் ஒருவருக்குத் தேவைப்பட்ட நீளமான கட்டளை இன்றைக்குத் தேவையில்லாமல் போயிருக்கும். அதுவே தடையாகவும் ஆகலாம். உங்கள் கார்டு போன்ற கார்டு உள்ளவர் கடந்த சில மாதங்களில் எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஐந்தை ஒன்றாகச் செய்து ஓடிவிட்டால், எதனால் ஓடியது என்று உங்களுக்கும் தெரியாது, உங்களிடம் கேட்கும் எனக்கும் தெரியாது.

ஸ்டீமுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: எபிக், ஜிஓஜி கடைகளில் வாங்கிய விளையாட்டுகளுக்கு ‘ஹீரோயிக்’ என்ற மென்பொருள் போதும், அதற்குள்ளும் இதே ஒயின், புரோட்டான்தான். சின்னப் பிள்ளைகளின் மைன்கிராஃப்டில் ‘ஜாவா’ பதிப்பு லினக்ஸிலேயே நேராக ஓடும், ‘பெட்ராக்’ பதிப்புக்கு அப்படி அதிகாரபூர்வ வழி இல்லை. வாங்கும் முன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒலி. என் தொழில் இதுவாக இருப்பதால் காது முதலில் இதைத்தான் பிடிக்கிறது. படம் அழகாக ஓடும், பின்னணி இசை மட்டும் எண்ணெயில் கடுகு வெடிப்பது போலப் பொரியும். செயலிக்குச் சுமை கூடும்போது ஒலித் துண்டுகள் நேரத்துக்கு வந்து சேராததே காரணம். ஒலியை 60 மில்லிவினாடி அளவுக்கு முன்கூட்டியே சேர்த்து வைக்கச் சொல்லும் ஒரு சிறு கட்டளை உண்டு. புரோட்டான்டிபி குறிப்புகளில் அடிக்கடி கண்ணில் படும். ‘லாஞ்ச் ஆப்ஷன்ஸ்’ கட்டத்தில் அதைச் சேர்த்தால் பொரியல் பெரும்பாலும் நின்றுவிடும். ஒலி ஒரு நூலிழை பிந்தி வரும்தான், சண்டைக் காட்சியில் யாருக்கும் தெரியாது. தாளத்துக்கு ஏற்பப் பட்டனைத் தட்டுகிற விளையாட்டுகளில் மட்டும் அதைப் போடாதீர்கள். ஒவ்வொரு தட்டும் பிந்திவிடும்.